இரண்டு திரை, ஒரு மேசை

இரட்டை மானிட்டர் ஸ்டாண்டு என்பது இரண்டு கணினித் திரைகளை ஒரே பிடியில் தாங்கி, மேசைப் பரப்பைக் காலியாக விடும் இரும்புக் கம்பமோ மடங்கும் கையோதான். மானிட்டரோடு பெட்டியில் வரும் கால்களிலேயே இரண்டையும் நிறுத்தினால் கால்கள் ஒன்றையொன்று இடிக்கும். திரைகளின் ஓரங்கள் சேராது, உயரமும் ஒத்துப்போகாது. நோட்டுப் புத்தகம் வைக்க வேண்டிய இடத்தை இரண்டு அடித்தட்டுகள் பிடித்துக்கொள்ளும்.

புனேயில் இது வீட்டுச் சாமானாகி அதிக நாள் ஆகவில்லை. ஹிஞ்சவடி ராஜீவ் காந்தி இன்ஃபோடெக் பார்க், கராடி, மகர்பட்டா என நகரைச் சுற்றியிருக்கும் கணினி நிறுவனங்களில் ஒரு மேசைக்கு இரண்டு திரை என்பது பழகிய ஏற்பாடு. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியபோது அந்த மேசைகளும் வீட்டுக்குள் வந்தன. வாகடிலும் பானேரிலும் உள்ள அடுக்குமாடி வீடுகளில் இரண்டாவது படுக்கையறை பெரும்பாலும் பத்துக்குப் பத்தடிதான் இருக்கும். ஒரு கட்டிலும் அலமாரியும் போக எஞ்சும் சுவரோரத்தில் நாலடி மேசை ஒன்று போடலாம். அலுவலகம் திறந்த பிறகும் வாரத்தில் சில நாள் வீட்டிலிருந்து வேலை என்ற முறை நிலைத்துவிட்டதால், அந்த நாலடிக்குள் இரண்டு திரையை அடக்குவது பல வீடுகளில் நிரந்தரத் தேவையாகிவிட்டது.

ஸ்டாண்டு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் மானிட்டரின் அளவைச் சொல்லி விசாரிக்கிறார்கள். உண்மையில் முதலில் அளக்க வேண்டியது மேசையை. திரையின் முழுப் பாரத்தையும் கடைசியில் வாங்கிக்கொள்வது மேசையின் பின்விளிம்பில் உள்ளங்கை அகல இடம்தான். அந்த இடம் தாங்காவிட்டால் எவ்வளவு நல்ல ஸ்டாண்டும் பயன்படாது.

கிளாம்ப் எனப்படும் கவ்வுபிடி மேசையைப் பிடிக்கும் விதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மேசைக்கு மேலே ஒரு தட்டு, கீழே திருகு முனையில் ஒரு சிறு வட்டம், இரண்டுக்கும் நடுவே பலகை. திரைகள் முன்பக்கமாகத் தொங்குவதால் மேல்தட்டின் முன்னோரம் பலகையைக் கீழே அழுத்தும், அடிவட்டம் பலகையை மேலே நெம்பும். தலா 4 கிலோவுள்ள இரண்டு மானிட்டர்கள், தட்டின் முன்னோரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளலாம். முன்னோரத்துக்கும் அடிவட்டத்துக்கும் இடைவெளி 8 செ.மீ. என்றால், அந்தச் சிறு வட்டம் பலகையை 30 கிலோ விசையோடு மேலே தள்ளுகிறது. கைகளை இழுத்து 50 செ.மீ. முன்னால் கொண்டுவந்தால் அது 50 கிலோவாகிறது. திருகை இறுக்கியதால் உண்டாகும் அழுத்தம் இதற்கு மேல். தொங்குவது எட்டே கிலோதான். ஆனால் பலகை படும் பாடு அதைப்போலப் பல மடங்கு.

கெட்டியான மரமும் பிளைவுட்டும் இதைத் தாங்கிவிடும். வீடுகளுக்கு ஆன்லைனில் வரும் மேசைகளில் பெரும்பாலானவை லாமினேட் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூளையும் சிராய்களையும் பசையோடு அழுத்திச் செய்த 18 மி.மீ. பலகை. பிடியை இறுக்கிய அன்று அதில் எதுவும் தெரியாது. சில வாரம் கழித்துக் குனிந்து பார்த்தால் அடிவட்டத்தின் சுவடு பலகையில் நாணயம் பதிந்ததுபோல் குழிந்திருக்கும். மேலே தட்டின் முன்னோரம் லாமினேட்டில் மெல்லிய கோடு போட்டிருக்கும். குழி விழ விழப் பிடி தளரும், கம்பம் முன்னால் சாயும், திரும்ப இறுக்கினால் குழி இன்னும் ஆழமாகும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான புனே மழைக்காலம் இதற்குத் துணைபோகிறது. ஓரப்பட்டை பெயர்ந்த இடத்தில் ஈரம் ஏறினால் பார்ட்டிகிள் போர்டு உப்பி உதிரத் தொடங்கும். அந்த ஓரத்தில்தான் பிடி உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு மருந்து எளிது, செலவும் குறைவு. பாரத்தைப் பரப்பிவிட்டால் போதும். பலகைக்குக் கீழே, முடிந்தால் மேலேயும், 3 மி.மீ. கனத்தில் 15-க்கு 10 செ.மீ. இரும்புத் தகடு ஒன்றை வைத்து அதன்மேல் பிடியை இறுக்கலாம். சில ஸ்டாண்டுகளோடு இந்தத் தகடு சேர்ந்தே வருகிறது, தனியாகவும் விற்கிறார்கள். வாகன உதிரிபாகப் பட்டறைகள் நிறைந்த பிம்ப்ரி சிஞ்ச்வடிலும் போசரியிலும் இந்த அளவுக்கு இரும்புத் தகடு வெட்டித் தருவது பெரிய காரியமே இல்லை. தகடு கிடைக்காதபோது 18 மி.மீ. பிளைவுட் துண்டும் உதவும். பவானி பேட்டை டிம்பர் மார்க்கெட்டில் பலகைக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. புது மேசை செய்யச் சொல்லும்போதே பின்விளிம்பில் இரண்டு பலகை ஒட்டி 36 மி.மீ. ஆக்கித் தரும்படி தச்சரிடம் (மராத்தியில் 'சுதார்') கேட்டுவிட்டால் பின்னால் கவலையே இல்லை. பிடிகள் பொதுவாக 1 செ.மீ. முதல் 8 செ.மீ. வரை விரியும். ஆனாலும் வாங்கப்போகும் மாடலின் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

கண்ணாடி மேசையில் கவ்வுபிடி போடவே கூடாது. தகடு வைத்தும் கூடாது. கடினப்படுத்திய கண்ணாடி சீரான பாரத்தைத் தாங்கினாலும், ஓரத்தில் ஒரே புள்ளியில் விழும் நெம்பலுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். மேலும் கீழும் மெல்லிய பலகை ஒட்டி, நடுவில் தேன்கூடுபோலக் காகித அட்டை நிரப்பிய லேசான மேசைகளும் ஏறக்குறைய இதே வகைதான், பிடியின் கீழ் நசுங்கிவிடும். தட்டிப் பார்த்தால் டொக்டொக்கென்று வெற்றொலி வரும். இப்படிப்பட்ட மேசைகளுக்குக் கனத்த அடித்தட்டோடு தானே நிற்கும் ஸ்டாண்டுதான் பொருந்தும். அது இடத்தைக் கொஞ்சம் அடைக்கும், திரைகளை அடித்தட்டுக்கு வெளியே அதிகம் நீட்டவும் முடியாது. இருந்தாலும் மேசையைக் காப்பாற்றும்.

மேற்பரப்பு சரியாக இருந்தும் அடிப்பக்கம் காலைவாரலாம். பல மேசைகளில் பின்விளிம்பை ஒட்டியே இரும்புச் சட்டம் ஓடும், அல்லது காலை மறைக்கும் பலகை தொங்கும். விளிம்பிலிருந்து உள்ளே 8 முதல் 10 செ.மீ. வரை தட்டையான இடம் இல்லாவிட்டால் அடிவட்டம் உட்காராது. வயர் இறக்க மேசையில் ஏற்கெனவே ஓட்டை இருந்தால், அதன் வழியே போல்ட் போட்டு இறுக்கும் துளைப்பிடி இன்னும் உறுதியானது. பாரம் ஓரத்தில் விழாமல் பலகையின் உட்பகுதியில் விழுவதுதான் காரணம்.

அடுத்து அளக்க வேண்டியது சுவருக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளி. சின்ன அறையில் மேசை சுவரோடு ஒட்டித்தான் கிடக்கும். பிடி உட்காரவே சில சென்டிமீட்டர் தேவை. மடங்கும் கைகளுக்கு வேறொரு பழக்கமும் உண்டு: திரையைப் பின்னால் தள்ளும்போது கையின் முழங்கை பின்பக்கமாகத் துருத்தும். சுவர் தடுத்தால் முழங்கை மடங்காது, திரை பின்னால் போகாது. அறுபது செ.மீ. ஆழமுள்ள மேசையில் திரை முகத்துக்கு நேரே வந்து நிற்கும். கண்ணுக்கும் திரைக்கும் குறைந்தது ஒரு கை நீளம், அதாவது 50 முதல் 75 செ.மீ. வரை இருப்பது நல்லது. எனவே சுவரோர மேசைக்காரர்கள் ஸ்டாண்டு முழுக்க மடங்கிய நிலையில் எத்தனை சென்டிமீட்டர் ஆழம் பிடிக்கும் என்று பார்க்க வேண்டும். கையை எவ்வளவு நீட்டலாம் என்பதைத்தான் விளம்பரங்கள் பெரிதாகப் போடுகின்றன. சின்ன அறைக்கு முக்கியம் எவ்வளவு மடக்கலாம் என்பது.

மேசை தேறியபின் மானிட்டரின் முதுகைத் திருப்பிப் பார்க்க வேண்டும். நாலு திருகுத் துளைகள் சதுரமாக இருக்கும். துளைகளின் இடைவெளி 75 அல்லது 100 மி.மீ. 1989 வாக்கில் மானிட்டர், கிராபிக்ஸ் கார்டு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய வெசா என்ற தரநிர்ணய அமைப்பு வகுத்த அளவு இது. எந்த நிறுவனத்தின் திரையும் எந்த நிறுவனத்தின் ஸ்டாண்டிலும் பொருந்துவது இந்தச் சதுரத்தால்தான். வெசா கணக்குப்படி 75 மி.மீ. சதுரம் 8 கிலோ வரைக்கும், 100 மி.மீ. சதுரம் 14 கிலோ வரைக்கும் உரியது. இரண்டிலும் எம்4 திருகுதான். சில மானிட்டர்களில் துளைகள் சொந்தக் காலின் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். விலை குறைந்த சிலவற்றில் துளையே இருக்காது. அவற்றுக்கு ஓரங்களைக் கவ்விப் பிடிக்கும் சட்டம் தனியாகக் கிடைத்தாலும், இனிமேல்தான் மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் துளையுள்ளதாகப் பார்த்து வாங்கிவிடுவதே உத்தமம். துளைகள் பள்ளத்துக்குள் இருந்தால் இடையில் சிறு குழாய்த் துண்டுகள் வைக்க வேண்டும். திருகு இறங்கவில்லையே என்று நீளமான திருகை முடுக்குவது ஆபத்து, உள்ளே மின்பலகையைத் துளைத்துவிடலாம். திருகு கையால் சுற்றி இறங்கும் வரைதான் துளையின் ஆழம்.

எடையைப் பார்க்கும்போது 'ஸ்டாண்டு இல்லாமல்' என்று போட்டிருக்கும் எண்தான் கணக்கு. சாதாரண 24 அங்குலத் திரை அப்படிப் பார்த்தால் பெரும்பாலும் 3, 4 கிலோவுக்குள் அடங்கும். 27 அங்குலம் 4 முதல் 6 கிலோ. வளைந்த திரைகளில் எடை முன்னால் தள்ளி விழுவதால், ஸ்டாண்டின் எல்லைக்கு நெருக்கமாகப் போகாமல் இருப்பது நல்லது.

இனி ஸ்டாண்டின் வகைக்கு வரலாம். ஒன்று நடுவில் நிமிர்ந்த கம்பமும், அதில் இரண்டு பக்கமும் கைகளும் உள்ளது. உயரத்தை ஒருமுறை வைத்து ஆலன் கீயால் இறுக்கிவிட்டால் அப்படியே நிற்கும், மாற்ற வேண்டுமானால் மறுபடி தளர்த்த வேண்டும். மற்றது கேஸ் ஸ்பிரிங் கை. விரலால் தொட்டால் திரை மேலே போகும், கீழே வரும், விட்ட இடத்தில் நிற்கும். விலையும் அதற்கேற்பக் கூடுதல்.

விட்ட இடத்தில் நிற்பது எப்படி என்பதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. ஜார்ஜ் கார்வர்டைன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கார்களின் சஸ்பென்ஷனில் வேலை செய்தவர். கம்பிச் சுருள்களைக் கொண்டு ஒரு பாரத்தை எந்த நிலையிலும் சமன்செய்து நிறுத்தும் வழியைக் கண்டு 1932-இல் காப்புரிமை பெற்றார். ஆங்கிள்பாய்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய மேசைவிளக்கு அதிலிருந்து பிறந்தது. இன்றைய மானிட்டர் கை அந்த விளக்கின் வழித்தோன்றல், சுருளின் இடத்தில் பல மாடல்களில் அழுத்தமேற்றிய நைட்ரஜன் அடைத்த உருளை வந்திருக்கிறது. காரின் பின்கதவைத் தூக்கியதும் தானாக எழும்பி நிற்கச் செய்யும் உருளையும் இதுவே. டாடா மோட்டார்ஸ் பிம்ப்ரியிலும் பல வாகன ஆலைகள் சாக்கனிலும் இயங்கும் ஊரில், மேசைமேல் இருக்கும் இந்தக் கை யாருக்கும் அந்நியமாகத் தோன்றாது.

இந்த அமைப்பின் குணத்திலேயே ஒரு நிபந்தனை அடங்கியிருக்கிறது. கேஸ் ஸ்பிரிங் கைக்கு அதிகபட்ச எடை இருப்பதுபோலக் குறைந்தபட்ச எடையும் உண்டு. 2 முதல் 9 கிலோ என்று போட்டிருந்தால் இரண்டு கிலோவுக்குக் குறைந்த திரை அதில் நிற்காது, மேலேயே எம்பிக்கொண்டிருக்கும். கனமான திரைகளுக்கான விலையுயர்ந்த கையை லேசான 22 அங்குலத் திரைக்கு வாங்கிவிட்டுத் திணறுகிறவர்கள் உண்டு. திரையை மாட்டியபின் இழுவிசையைச் சரிசெய்ய வேண்டும். கையை மேசைக்கு இணையாகக் கிடையாக வைத்துக்கொண்டு, மூட்டில் உள்ள திருகை ஆலன் கீயால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும். திரை தானாகத் தாழ்ந்தால் கூட்டும் பக்கம், எழும்பினால் குறைக்கும் பக்கம். பத்து இருபது சுற்றுக்குப் பிறகுதான் வித்தியாசமே தெரியும் என்பதால் பொறுமை வேண்டும். ஒரு கட்டத்தில் கையை எடுத்தால் திரை அசையாமல் காற்றில் நிற்கும். ஆண்டுகள் போகப்போக உருளையின் அழுத்தம் குறைந்து திரை தாழத் தொடங்கும். அப்போது இதே திருகில் மீண்டும் கொஞ்சம் கூட்டலாம்.

ஒரே ஆள், ஒரே நாற்காலி, ஒரே அளவில் இரண்டு திரை என்றால் கம்ப ஸ்டாண்டே போதும். அதில் தளர உருளை இல்லை, ஆட மூட்டுகளும் குறைவு, மிச்சமாகும் பணத்தை நல்ல நாற்காலிக்குப் போடலாம். பகலில் ஒருவர், மாலையில் படிக்கும் பிள்ளை என்று மேசை கைமாறும் வீட்டிலும், நின்றும் உட்கார்ந்தும் வேலை செய்கிறவர்களுக்கும், கேஸ் ஸ்பிரிங் கை கொடுத்த காசுக்குப் பலன் தரும்.

அகலக் கணக்கு பலர் விட்டுவிடுவது. 24 அங்குலத் திரை ஏறத்தாழ 54 செ.மீ. அகலம், 27 அங்குலம் 61 செ.மீ. இரண்டு 27 அங்குலத் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 122 செ.மீ., நாலடி மேசையின் முழு அகலம். நடுவில் கம்பம் இருந்தால் ஒவ்வொரு கையும் பக்கவாட்டில் 31 செ.மீ. எட்டினால் போதும். ஆனால் இந்த ஏற்பாட்டில் இரண்டு திரையும் சேரும் இடம்தான் முகத்துக்கு நேராக வரும். இரண்டையும் சரிபாதியாகப் பார்க்கிறவர்களுக்கு, லேசாக உள்நோக்கித் திருப்பி வைத்தால் இது பொருந்தும். வேலை முழுக்க ஒரு திரையிலும், மின்னஞ்சலும் அரட்டையும் மறுதிரையிலும் என்று இருப்பவர்களுக்கு இது கழுத்தைக் கெடுக்கும், நாள் முழுவதும் ஒரே பக்கம் திரும்பியிருக்க வேண்டிவரும். அவர்கள் முக்கியத் திரையை நேரெதிரேயும் மற்றதைச் சாய்த்துப் பக்கத்திலும் வைக்க வேண்டும். கம்பம் நடுவிலேயே இருந்தால் இரண்டாம் திரைக்கான கை 60 செ.மீ. எட்ட வேண்டும், கம்ப ஸ்டாண்டுகள் பலவும் அவ்வளவு எட்டாது. கம்பத்தையே மேசை நடுவிலிருந்து 30 செ.மீ. தள்ளி மாட்டிவிட்டால் குட்டையான கைகளே போதும்.

உயரத்துக்கு ஒரே விதிதான்: நிமிர்ந்து உட்கார்ந்து நேரே பார்த்தால் பார்வை திரையின் மேல்விளிம்பிலோ அதற்குச் சற்று மேலேயோ பட வேண்டும். மேசைப் பரப்பிலிருந்து கண் வரை அளந்தால் நடுத்தர உயரமுள்ளவருக்கு 40 முதல் 45 செ.மீ. வரும். 24 அங்குலத் திரையின் உயரம் 32 செ.மீ. என்பதால், அதன் முதுகுச் சதுரம் மேசையிலிருந்து 25, 28 செ.மீ. உயரத்தில் நின்றால் சரி. கம்பத்தின் உச்சியில்தான் மாட்ட வேண்டும் என்பதில்லை. கீழ்ப்பாதியில் படிக்கும் இரட்டைக் கண்ணாடி அணிபவர்கள் இன்னும் சில சென்டிமீட்டர் தாழ்த்தி, திரையைப் பின்னால் சாய்த்தால் மோவாயைத் தூக்கிக்கொண்டு படிக்க வேண்டியிராது. புரோகிராம் எழுதுகிறவர்கள் ஒரு திரையை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைப்பதுண்டு. அப்போது அது 54 செ.மீ. உயரமாகி மேல்பகுதி கண்ணுக்கு மேலே போய்விடும். அதைப் பக்கத்துத் திரையாக வைத்துக்கொள்வதே நல்லது.

மேசை எதற்கும் ஒத்துவராதபோது சுவர் நினைவுக்கு வரும். புனேயின் புதிய அடுக்குமாடிகளில் சுவர் எதனால் ஆனது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 'மிவான்' என்று வழங்கும் அலுமினிய அச்சு முறையில் கட்டியவை முழுக்கக் கான்கிரீட், ஹாமர் டிரில் இல்லாமல் துளை விழாது, விழுந்தால் பிடி பிரமாதமாக இருக்கும். ஏஏசி எனப்படும் லேசான சிமென்ட் பிளாக் சுவர் இதற்கு நேர்மாறு. துளை வெண்ணெயாக இறங்கும், ஆனால் சாதாரண பிளாஸ்டிக் செருகல் நீண்ட கையின் இழுப்புக்குப் பிடுங்கிக்கொண்டு வரும், அதற்கென்றே உள்ள ஆங்கர்கள் வேண்டும். வாடகை வீட்டில் 11 மாத லீவ் அண்ட் லைசன்ஸ் ஒப்பந்தம் முடியும்போது ஒவ்வொரு துளைக்கும் முன்பணத்தில் கழிப்பு வரலாம் என்பதால், கவ்வுபிடியே பலருக்கும் நிம்மதி.

ஒரு திரையும் ஒரு லேப்டாப்பும் மட்டும் உள்ளவர்களுக்கு, இரண்டாவது கையில் மாட்டும் லேப்டாப் தட்டு கிடைக்கிறது. அதில் லேப்டாப்பை உயர்த்தினால் தனிக் கீபோர்டும் மௌசும் இருந்தே ஆக வேண்டும். இரண்டு வெளித்திரை வாங்குமுன் கணினி இரண்டைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். எம்1, எம்2 சில்லுள்ள மேக்புக் ஏர் நேரடியாக ஒரே ஒரு வெளித்திரையைத்தான் ஏற்கும்.

வயர்களைக் கையோடு சேர்த்துக் கட்டும்போது மூட்டுகளில் தளர்வாக ஒரு வளையம் விட வேண்டும். கையைக் கடைசி வரை இழுத்து, திருப்பி, உயர்த்திப் பார்த்த பிறகே டேக் போட்டு இறுக்குவது நல்லது. இல்லையென்றால் திரையை முதல்முறை முன்னால் இழுக்கும்போதே எச்டிஎம்ஐ முனை நெளியும். மாட்டிய ஒரு வாரத்தில் பிடியின் திருகு கொஞ்சம் தளர்ந்திருக்கும், ஒருமுறை இறுக்க வேண்டும். மழைக்காலம் முடிந்ததும் இன்னொரு முறை.

வீடு மாறும் நாளில் கழற்றும்போதுதான் கேஸ் ஸ்பிரிங் கை கவனம் கேட்கும். திரையின் பாரத்தைத் தாங்கப் பழகிய உருளை, பாரம் போனதும் கையை வேகமாக மேலே உதைக்கும். குனிந்து திருகைக் கழற்றிக்கொண்டிருப்பவரின் முகம் அந்த உயரத்தில்தான் இருக்கும். முதலில் கையை அதன் உச்சநிலைக்குத் தூக்கிவிட்டு, ஒருவர் திரையைப் பிடித்துக்கொள்ள, மற்றவர் நாலு திருகுகளில் கீழ் இரண்டை முதலிலும் மேல் இரண்டைக் கடைசியிலும் கழற்ற வேண்டும். எம்4 திருகுகளையும் ஆலன் கீயையும் ஒரு சிறு கவரில் போட்டு, கம்பத்தோடு சேர்த்து டேப் ஒட்டிவிட்டால் அடுத்த வீட்டில் தேட வேண்டியதில்லை.